பானைக்கு ஒரு குழாய்: பீர் காய்ச்சும் பாத்திரமும் அப்பாவின் அரை இஞ்சு வால்வும்

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல், திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

மில்வாக்கில இருந்து பேசுறேன். வெளியே பனி கொட்டுது, கராஜ்ல ஹீட்டர் போட்டு உக்காந்திருக்கேன். பின்னாடி ஏதாவது சத்தம் வந்தா அது அந்த ஹீட்டர்தான், பொறுத்துக்குங்க.

போன தடவை மால்ட் அரைக்கிறதைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பெரிய பானை வாங்கிட்டேன், அதுல குழாய் எப்படி மாட்டுறது? வெல்டிங் வேணுமா?" வெல்டிங் வேண்டாம். ஒரு ட்ரில், ஒரு மத்தியான நேரம், கொஞ்சம் பொறுமை இருந்தா போதும். ஆனா நான் அதைச் செஞ்ச கதையில எங்க அப்பா வர்றாரு, ஒரு பொய் வருது, ஒரு தீக்காயமும் வருது. அதனால இன்னைக்கு கதையும் வேலையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

முதல்ல சட்டம். அமெரிக்காவுல வீட்டுல பீர் காய்ச்சுறதுக்கு 1978-ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வழி விட்டது. வயது வந்தவர் ஒருத்தர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 கேலன், ரெண்டு பேர் அல்லது அதுக்கு மேல இருந்தா 200 கேலன். விக்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டு, கடைசியா மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-லதான் அனுமதிச்சாங்க. வடிச்சு எடுக்கிற சரக்குக்கு இந்தச் சட்டத்துல இடம் கிடையாது. தமிழ்நாட்டுல இருந்து கேக்குறவங்களுக்கு: அங்க உரிமம் இல்லாம வீட்டுல எதைக் காய்ச்சினாலும் குற்றம். கதையா மட்டும் கேளுங்க.

குழாய் எதுக்கு?

புதுசா கேக்குறவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். முளைகட்டிக் காயவெச்ச பார்லியை உடைச்சு, 65, 67 டிகிரி செல்சியஸ் வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வைக்கிறோம். மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அந்த இனிப்புத் தண்ணிக்கு வோர்ட்னு பேரு. அதை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, ஈஸ்ட் போட்டா ரெண்டு வாரத்துல பீர்.

இதுல "ஆற வெச்சு"ங்கிற சொல்லுக்கு முன்னாடிதான் ஆபத்து இருக்கு. ஒரு ஈடுன்னா 5 கேலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். எடை 20 கிலோ. பாத்திரத்தோட எடையும் சேர்ந்தா 25 கிலோ பக்கம். கொதிக்கிற பாயசத்தை அண்டாவோட தூக்கி இன்னொரு பாத்திரத்துல சாய்க்கிறதுன்னு வெச்சுக்குங்க. சர்க்கரை இருக்கிறதால மேல பட்டா தண்ணி மாதிரி வழிஞ்சு போயிடாது, ஒட்டிக்கும்.

முதல் நாலு ஈடு நானும் ஒரு நண்பனும் ஆளுக்கு ஒரு கைப்பிடி பிடிச்சுத் தூக்கித்தான் ஊத்தினோம். அஞ்சாவது தடவை, நான் ஒரு படி இறங்கினேன், அவன் இறங்கலை. பாத்திரம் சாஞ்சு ஒரு அலை வந்து என் வலது கால்ல விழுந்தது. கால்ல துணி ஷூ, காலுறை. காலுறையைக் கழட்ட எடுத்துக்கிட்ட அந்த ஒரு நிமிஷத்துலதான் காயம் ஆழமாச்சுன்னு பிற்பாடு டாக்டர் சொன்னாங்க. 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காலை வெச்சிருந்தேன். ஐஸ் வைக்கக் கூடாது, வெண்ணெய் தடவக் கூடாது, ஓடுற சாதாரணத் தண்ணிதான். மூணு வாரம் செருப்பு போட முடியலை.

என் மனைவி திட்டலை. "ஒண்ணு அந்தப் பானைக்குக் குழாய் போடு, இல்லைன்னா பானையைக் குடு, நான் பொங்கலுக்கு வெச்சுக்கிறேன்"னு மட்டும் சொன்னா. ஆறு வயசுப் பையன் அந்தக் கராஜ்லதான் சைக்கிள் ஓட்டுவான். அவ எதை நினைச்சுச் சொன்னாள்னு எனக்குத் தெரியும்.

நான் சொன்ன பொய்

அந்தச் சமயத்துல அப்பா கோயமுத்தூர்ல இருந்து கிளம்பத் தயாரா இருந்தாரு. அவர் 38 வருஷம் கணபதி பக்கம் லேத் பட்டறையில இருந்தவர், மோட்டார் பம்புக்கு ஜாப் ஒர்க். போன்ல, "என்ன கண்ணு கொண்டாரட்டும்?"னு கேட்டாரு. அரை இஞ்சுல நல்ல பால் வால்வு ஒண்ணு கொண்டு வாங்கன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டாரு. "தோட்டத்துல தண்ணி டிரம்முக்குங்கப்பா"ன்னேன்.

அதை ஏன் சொன்னேன்னா, "பீர் காய்ச்சுறேன்"னு எங்க அப்பாகிட்ட எந்த வார்த்தையில சொல்றது? ஆங்கிலத்துல அது ஒரு பொழுதுபோக்கு மாதிரி ஒலிக்கும். தமிழ்ல "காய்ச்சுறேன்"னு சொன்னாலே ஊறல், போலீஸ், விஷச் சாராயம் எல்லாம் கூடவே வந்துடும். அப்பா வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்லை. அவர் பட்டறையில ஒருத்தர் ராத்திரி சரக்கு இறங்காமலே ஷிஃப்டுக்கு வந்து, சக்குல ரெண்டு விரலைக் கொடுத்தவர். துண்டு கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அப்பாதான். நான் சின்ன வயசுல இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்பா வந்தாரு. பெட்டியைத் திறந்தா, காகிதத்துல சுத்தின பித்தளை பால் வால்வு, கையில வெச்சா கனம் தெரியுது. கூடவே ஒரு ஜி.ஐ. நிப்பிள், கறுப்பு ரப்பர் வாஷர் நாலு, டெஃப்ளான் டேப். நான் கேட்டது வால்வு மட்டும்தான். வேலை தெரிஞ்சவர் வால்வை மட்டும் கொண்டு வர மாட்டார் இல்லையா?

ஓட்டை போடுறது

சனிக்கிழமை கராஜ்ல ஆரம்பிச்சோம். பானை 10 கேலன், 304 ஸ்டெயின்லெஸ். அப்பா அதைத் தட்டிப் பார்த்துட்டு, "இத்தனை நல்ல பாத்திரத்துக்குத் தோட்டத்துல என்னடா வேலை?"ன்னாரு. "சும்மா கிடந்ததுங்கப்பா"ன்னேன். ஒண்ணும் சொல்லலை.

இப்ப வேலையைக் கவனமா கேளுங்க.

எந்த இடத்துல ஓட்டை? அடியில இருந்து ஓட்டையோட மையம் ஒன்றரையில இருந்து ரெண்டு இஞ்சு உயரத்துல இருக்கணும். பானையோட அடி ஓரத்துல ஒரு வளைவு இருக்கும். உள்ள வர்ற நட்டும் வாஷரும் அந்த வளைவுல ஏறிடக் கூடாது, நேரான சுவர்லதான் உக்காரணும். வாஷரை உள்ள வெச்சுப் பார்த்து, பேனாவால குறிச்சுட்டு அப்புறம் தொடங்குங்க. கைப்பிடிக்கு நேர் கீழே வேண்டாம், நடுவுல வரட்டும்.

எவ்வளவு பெரிய ஓட்டை? அரை இஞ்சு பைப்புன்னா அதோட வெளி அளவு அரை இஞ்சு இல்லை. பலர் தவறுற இடம் இது. அரை இஞ்சு நிப்பிளோட வெளி விட்டம் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதனால 7/8 இஞ்சு ஓட்டை, அதாவது 22 மில்லிமீட்டர் சொச்சம். இதுக்கு ஸ்டெப் ட்ரில்தான் சரி, படிப்படியா கூம்பு மாதிரி இருக்குமே அது.

நான் ட்ரில்லை முழு வேகத்துல வெச்சு அழுத்தினேன். கீச்சுனு சத்தம், புகை. ஒரு நிமிஷம் ஆச்சு, ஒரு புள்ளிதான் விழுந்திருக்கு, அதுவும் பளபளன்னு. அப்பா என் கையில இருந்து ட்ரில்லை வாங்கிக்கிட்டாரு. "ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்க்கக் கூடாது சாமி, வெட்டணும். தேய்ச்சா அது இறுகிக்கும்"னாரு. அதுதான் விஷயம். இந்த உலோகத்துல பிட் வெட்டாம உரசுச்சுன்னா, சூடாகி, உரசின இடம் இன்னும் கெட்டியாயிடும். அப்புறம் எந்தப் பிட்டும் இறங்காது.

அவர் செஞ்ச முறை இது. பஞ்ச் வெச்சு சுத்தியலால ஒரு குழி. பின்பக்கம் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாரு, இல்லைன்னா சுவர் உள்பக்கமா குழிஞ்சுடும். முதல்ல 1/8 இஞ்சு பிட். வேகம் ரொம்பக் குறைவு, அழுத்தம் அதிகம். சொட்டுச் சொட்டா கட்டிங் ஆயில். சுருள் சுருளா பிசிறு வந்தா வெட்டுதுன்னு அர்த்தம், தூளா வந்தா தேயுதுன்னு அர்த்தம். புகை வந்தா நிறுத்தி, எண்ணெய் விட்டு, மறுபடியும். அப்புறம் ஸ்டெப் ட்ரில், ஒவ்வொரு படிக்கும் நின்னு நிதானமா. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் செய்யணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க.

ஓட்டை விழுந்ததும் ரெண்டு பக்கமும் அரத்தால ராவி, விரலை உள்ள விட்டுச் சுத்தி ஒரு சுத்து பார்த்தாரு. பிசிறு மிச்சம் இருந்தா அதுதான் வாஷரைக் கிழிக்கும்.

கசிவு

நிப்பிள் போடுற நேரத்துலதான் சிக்கல். அப்பா கொண்டு வந்தது ஜி.ஐ., அதாவது இரும்பு மேல துத்தநாகப் பூச்சு. நான் இங்க ஒரு ஸ்டெயின்லெஸ் நிப்பிளும் லாக் நட்டும் வாங்கி வெச்சிருந்தேன். அதை நிப்பிளா வெச்சு, வெளிப்பக்கம் அவரோட பித்தளை வால்வை மாட்டினோம். மூணு சுத்து போச்சு, நின்னுடுச்சு. அப்பா முகம் சுளிச்சாரு. நான் ரெஞ்ச் வெச்சு இன்னும் கால் சுத்து ஏத்தினேன்.

பானை நிறையத் தண்ணி ஊத்தி, கீழே செய்தித்தாள் விரிச்சு, ராத்திரி அப்படியே விட்டோம். காலையில தாள் நனைஞ்சிருந்தது. பெரிய ஒழுகல் இல்லை, சொட்டு. டேப்பைப் பிரிச்சு அஞ்சு சுத்து சுத்தினேன். திரும்பவும் சொட்டு. எட்டு சுத்து. சொட்டு.

அப்பா ரெண்டு நிப்பிளையும் கேட்டாரு. அவருது ஒண்ணு, என்னுது ஒண்ணு. மரையோட மரை பதியிற மாதிரி பக்கவாட்டுல சேர்த்து, ட்யூப் லைட்டுக்கு நேரா பிடிச்சாரு. "பாரு, எண்ணிக்கை ஒண்ணுதான், இஞ்சுக்கு 14. ஆனா வெளிச்சம் தெரியுது"ன்னாரு. நான் குனிஞ்சு பார்த்தேன். மரைக்கும் மரைக்கும் நடுவுல மயிரிழை மாதிரி வெளிச்சம்.

இந்தியாவுல பைப் மரை பிரிட்டிஷ் முறை, பி.எஸ்.பி. மரையோட கோணம் 55 டிகிரி. அமெரிக்காவுல என்.பி.டி., 60 டிகிரி. அரை இஞ்சுல ரெண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். மூணு சுத்து போய் இறுகவும் செய்யும். ஆனா பொருந்தாது. டேப் எத்தனை சுத்தினாலும், ஒரு நாள் கசியும். வெளிநாட்டுல இருந்து குழாய்ச் சாமான் வாங்குற எல்லாரும் இதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

"சரி, என் நிப்பிளையே போட்டுட்டா வேலை முடிஞ்சுது. ஏன் வேண்டாங்கிறே?"ன்னு கேட்டாரு.

நான் யோசிக்காம, "அது ஜி.ஐ.ங்கப்பா, புளிப்புல துத்தநாகம் கரைஞ்சுடும்"னேன்.

"தோட்டத்துத் தண்ணியில ஏதுடா புளிப்பு?"

அதுக்கு மேல சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. மூலையில இருந்த மால்ட் மூட்டையைக் காட்டினேன். காலைக் காட்டினேன், தழும்பு அப்ப இன்னும் சிவப்பா இருந்தது. எல்லாத்தையும் சொன்னேன்.

"சாராயம் காய்ச்சுறியா?"ன்னாரு. பீர்ங்கப்பா, இங்க சட்டப்படி சரிதான்னு சொன்னேன். ட்ரில்லைத் துடைச்சு வெச்சுட்டு உள்ள போயிட்டாரு. அன்னைக்கும் மறுநாளும் என்கிட்டப் பேசலை. மருமககிட்டேயும் பேரன்கிட்டேயும் மட்டும் பேசினாரு. "மாமா உன்கிட்டக் கோவமா இல்லை, உன்னை நினைச்சு வருத்தமா இருக்காரு"ன்னு மனைவி சொன்னா. எனக்குக் கோவமே பரவாயில்லைன்னு தோணுச்சு.

செவ்வாய்க்கிழமை காலையில கராஜ்ல சத்தம். போய்ப் பார்த்தா, பித்தளை வால்வைக் கழட்டி, நாலு ரப்பர் வாஷரையும் ஒரு டப்பாவுல போட்டுட்டு இருக்காரு. என்னைப் பார்க்காமலே பேசினாரு. "குடிக்கிறது உன் பாடு, அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுக்குன்னு சொல்லாம சாமான் கேட்டா, தப்பான சாமானைத்தானடா கொண்டாருவேன்? பித்தளையில ஈயம் கலப்பாங்க, அப்பத்தான் லேத்துல கடைசல் சுத்தமா வரும். வாய்க்குப் போறதை அதுல விடலாமா? இந்த ரப்பர் பச்சைத் தண்ணிக்குத்தான் ஆகும், கொதிக்கிறதுல நாறும். உம்பையனும் இங்கதான சுத்தறான்? அது பிடுங்கிட்டு வந்தா யார் மேல ஊத்தும்?"

38 வருஷம் வேலை செஞ்சவர் பேச்சு. நான் அவரைக் கோவப்படுத்தக் கூடாதுன்னு சொன்ன பொய், என் வீட்டுக்குள்ள ஈயத்தையும் கசியிற வால்வையும் கொண்டு வந்து வெச்சிருக்கு. அதை நான் எட்டு சுத்து டேப் போட்டு மறைக்கப் பார்த்திருக்கேன்.

சரியான சாமான், சரியான வரிசை

அன்னைக்கே ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவர்தான் பார்த்து எடுத்தாரு. நீங்க வாங்க வேண்டியதும் இதேதான்:

எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ், எல்லாம் ஒரே மரை. அரை இஞ்சு பால் வால்வு, மூணு துண்டாக் கழட்டக் கூடியது. ஒரு நிப்பிள். ரெண்டு லாக் நட். ரெண்டு வாஷர். ஓ-ரிங் மட்டும் சிலிக்கான், அது 200 டிகிரி வரைக்கும் தாங்கும்.

மாட்டுற வரிசை, உள்ள இருந்து வெளியே: லாக் நட், தட்டை வாஷர், பானைச் சுவர், ஓ-ரிங், வாஷர், இன்னொரு லாக் நட், கடைசியா வால்வு. டெஃப்ளான் டேப்பை மரை ஏறுற திசையிலேயே நாலஞ்சு சுத்து. எதிர்த் திசையில சுத்தினா திருகும்போது சுருண்டு வந்துடும். நட்டைக் கையால முடிஞ்ச வரை இறுக்கி, அப்புறம் ஸ்பேனர்ல கால் சுத்து, போதும். அதிகமா இறுக்கினா ஓ-ரிங் பிதுங்கி வெளியே வரும், அதுவே கசிவுக்குக் காரணமாயிடும்.

ஓட்டையோட விளிம்பு பின்னாடி துருப்பிடிக்கலாம். ஆக்ஸாலிக் அமிலம் இருக்கிற பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட் பவுடரைத் தண்ணியில குழைச்சுத் தேய்ச்சு, பத்து நிமிஷம் விட்டு நல்லாக் கழுவுங்க.

சோதனை ரெண்டு தடவை. முதல்ல பச்சைத் தண்ணி, ராத்திரி முழுக்க, கீழே செய்தித்தாள். அப்புறம் அதே தண்ணியை அரை மணி நேரம் கொதிக்க விடுங்க. சூட்டுல உலோகம் விரியும், பச்சைத் தண்ணியில நின்ன கசிவு அப்ப தலைகாட்டலாம். இது ரெண்டும் தாண்டாம வோர்ட்டை ஊத்தாதீங்க.

பயன்படுத்தும்போது சில விஷயம். வால்வுல மாட்டுற குழாய் சிலிக்கானா இருக்கணும், கிளிப் போட்டு இறுக்கணும். சாதாரண வினைல் குழாய் சூட்டுல இளகி வழுக்கிடும். அடுப்புத் தீ வால்வு பக்கம் ஏறாம பார்த்துக்குங்க, கைப்பிடி மேல இருக்கிற பிளாஸ்டிக் உருகும். கொதிக்கும்போது கைப்பிடியை ஒரு கம்பியால கட்டி வைங்க, குழந்தை இழுத்தாலும் திறக்கக் கூடாது. பால் வால்வுக்குள்ள உருண்டையைச் சுத்தி ஒரு இடுக்கு இருக்கு, வோர்ட் அங்க தங்கிப் புளிக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் அப்புறம் வால்வைப் பிரிச்சுக் கழுவுங்க.

முதல் ஈடு

அந்த வாரக் கடைசியில காய்ச்சினோம். கொதிச்சு முடிஞ்சதும், செம்புச் சுருளை உள்ள இறக்கி, தண்ணி ஓட விட்டு 20 டிகிரிக்கு ஆற வெச்சேன். யாரும் எதையும் தூக்கலை. அப்பா ஒரு முக்காலியைப் போட்டு வால்வு பக்கத்துல உக்காந்து, தானே திறந்தாரு. ஓட்டையைச் சுத்தி விரலை வெச்சுப் பார்த்தாரு, உலர்ந்திருந்தது. "ம்"னாரு.

ஈஸ்ட் போடுறதுக்கு முன்னாடி வோர்ட்ல போதை எதுவும் கிடையாது. ஹாப்ஸ் போடுறதுக்கு முன்னாடியே ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருந்தேன். பார்லிக் கஞ்சிதான்ங்கப்பான்னு நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு ஒரு வாய் குடிச்சாரு. "ஹார்லிக்ஸ் மாதிரி இருக்குது. இதோட நிறுத்திக்கலாமில்ல?"ன்னாரு.

ஹார்லிக்ஸும் மால்ட் பார்லிதான், அதனால அவர் சொன்னது ரொம்பச் சரி. நான் நிறுத்தலைங்கிறதும் உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போனதுக்கப்புறமும் பீரைப் பத்தி அவர் ஒரு வார்த்தை கேக்குறதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினா, "ஒழுகலையே?"ன்னு மட்டும் கேப்பாரு. "ஒழுகலைங்கப்பா"ன்னு சொல்லுவேன். அது உண்மை.

அடுத்த எபிசோட்ல ஆற வைக்கிற செம்புச் சுருளைப் பத்திப் பேசலாம். குழாய் மாட்டினவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க, கசிஞ்சிருந்தா அதையும் மறைக்காம எழுதுங்க. ஷூ போட்டுக்கிட்டுக் காய்ச்சுங்க, தோல் ஷூவா இருக்கட்டும்.